ஏழு தையலும் ஒரு வரிக்கைச் சக்கையும்

மயிலாடி,
1934 ஆனி மாதம்.

மகா பிரியமுள்ள மச்சான் முத்துநாயகம் அவர்களுக்கு ஞானதாசன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே உம்முடைய தங்கையும் எருமையும் நானும் சுகம். என் தலை மட்டும் கொஞ்சம் சுகமில்லை. குலசேகரத்தில் உமது சுகமும் பிள்ளைகள் சுகமும் அறிய ஆவல்.

போன ஞாயிறு கோவிலில் தலைக்கட்டோடு இருந்தவனை உபதேசியார் எழும்பச் சொல்லி, "ஓய், ஆண்டவர் சந்நிதியில தலைக்கட்டு எதுக்கு?" என்று எல்லார் முன்னாலும் அவிழ்க்க வைத்தார். நடுமண்டையில் உள்ளங்கை அகலம் வழித்துக் கிடந்தது. பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. எந்த மலைக்கு நேர்ந்து முடியிறக்கினேன் என்று இன்றைக்கும் விசாரணை நடக்கிறது. நேர்ச்சை இல்லை மச்சான், என் மகள் போட்ட தையல். ஏழு தையல்!

நேசபாய் மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்சு படிப்புக்குப் போய் எட்டு மாசம். போன மாசம் அவள் கையைப் பிடித்தபடியே ஒரு பிள்ளைத்தாய்ச்சி இறந்துபோனாளாம். அதிலிருந்து உறக்கமில்லை, கஞ்சி இறங்கவில்லை, ஊசியை எடுத்தால் கை நடுங்குகிறது என்று எழுதியிருந்தாள். கூடப் படிக்கிற பிள்ளைகளும் தலைகாணியில் முகத்தைப் புதைத்து அழுகிறார்களாம், மணி அடித்தால் முகம் கழுவிவிட்டு ஓடுகிறார்களாம். "கூட்டிட்டு வாரும், கெட்டிக் குடுப்போம்" என்று நீர் எழுதினீர். நான் கேட்பேனா? தைரியம் சொல்லப் புறப்பட்டேன். நடுக்கத்துக்குக் காரணம் பசி என்பது என் வைத்தியம். நம்ம வீட்டுப் பலாமரத்து வரிக்கைச் சக்கையில் பெருசாக ஒன்றை எடுத்து, பழுத்ததா என்று கீறியும் பார்த்து, கோலப்பன் வண்டியில் போனேன்.

சக்கையைத் தலையில் வைத்துக்கொண்டு, விடுதி என்று நினைத்து நான் திறந்தது புண் கட்டுகிற அறைக்கதவு. உள்ளே ஒருத்தர் கால் புண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் தெரியும். நான் தரையில, சக்கை என் மேல. முழிச்சா, ரத்தமும் சக்கைப் பிசினும் முடியும் ஒண்ணாப் பிசைஞ்சு கிடக்கு. வெள்ளைக்கார மேட்ரன் மதாம்மா சோப்பு போட்டார், ஸ்பிரிட்டு போட்டார். பிசின் அவர் கையிலும் ஒட்டி, கத்தரியிலும் ஒட்டி, நாங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பமாயிட்டோம். அப்பதான் கூடப் படிக்கிற பிள்ளைகளோட ஓடி வந்த நம்ம நேசபாய், "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஏட்டி ஜெபகனி, தேங்காயெண்ணெ எடுத்துட்டு வா!" என்றாள். மதாம்மா தள்ளி நின்னாங்க மச்சான்! எண்ணெய் தடவிப் பிசினை எடுத்தாள், முடியை வழித்தாள், ஊசியை மதாம்மாவிடம் நீட்டினாள். "நீயே போடு" என்றார் அவர். அவளுக்குக் கை நடுங்கிச்சு. நான் ஆஸ்பத்திரி இடிய "அம்மோ!" என்று அலறினேன்.

"அப்பா, இன்னும் குத்தவேயில்ல. சும்மா கெடங்க."

பிள்ளைகள் எல்லாம் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. அந்தச் சிரிப்போட முதல் தையல் விழுந்தது. பிறகு கை நடுங்கவே இல்லை.

சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளும் மதாம்மாவும் வட்டமாக இருந்து சக்கையைத் தின்றார்கள். செத்துப்போன அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசி அழுதார்கள், அழுதுகொண்டே தின்றார்கள். நேசபாய் மட்டும் பதினேழு சுளை! அன்றைக்கு நன்றாக உறங்கினாளாம். இனி சனிக்கிழமைதோறும் அப்படி இருந்து பேசலாம் என்று மதாம்மா உத்தரவு போட்டதாக நேற்றுக் கடிதம் வந்தது. சக்கைதான் கொண்டுவர வேண்டாமாம்.

கர்த்தர் உம்மையும் உம் ரப்பர் மரங்களையும் ஒரு குறைவில்லாமல் காப்பாராக.

உமது மச்சான்,
ஞானதாசன்

பி.கு.: திரும்ப வண்டி ஏறும்போது நேசபாய் உள்ளே எட்டிப் பார்த்து, "ஒரு சக்கைக்கு எதுக்கப்பா பத்து முழக் கயிறு?" என்றாள். "பெரிய சக்கை மகளே" என்றேன். உம் கடிதம் வந்த அன்றைக்கே, அவள் டிரங்குப் பெட்டியைக் கெட்டிக் கூட்டிக்கொண்டு வர வாங்கின கயிறு என்று சொல்லவில்லை.