ரோட்டேக்ஸ் இல்லாத கார்

'இலவசம்' என்று யாராவது சொன்னால் போதும், என் மூளை உடனே விடுப்பு எடுத்துக்கொள்ளும். மின்சாரக் காருக்கு ரோட்டேக்ஸ், அதாவது சாலை வரி, கிடையாது என்று மலேசிய அரசாங்கம் அறிவித்திருந்த காலம் அது. நான் வேலை செய்த ஈப்போ ஜெலாப்பாங் தொழிற்சாலை கேன்டீனில் அந்த ஒரு வார்த்தைக்காகவே பலர் கார் பார்க்கக் கிளம்பினார்கள். நான் வாங்கியே விட்டேன். இருப்பதிலேயே சின்னது. (எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்கத் தோன்றவில்லை. வரிதான் இல்லையே!)

அந்தக் காரில்தான் என் மைத்துனன் குமரனை நிச்சயதார்த்தத்துக்குப் பாகான் டத்தோவிலிருந்த பெண் வீட்டுக்கு அழைத்துப் போனேன். பின்னால் என் மனைவி, மாமியார், மடியில் சீர்த்தட்டுகள். வழியில் தெலுக் இந்தானில் சார்ஜ் போட்டுக்கொள்வதாகத் திட்டம். போய்ப் பார்த்தால் சார்ஜர் பழுது.

"பரவால்ல, போயிரலாம் லா" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

ஏர்கோனை அணைத்தேன். பட்டு ஜிப்பாவுக்குள் குமரன் வேக ஆரம்பித்தான். இரு பக்கமும் செம்பனைத் தோட்டம். கடை இல்லை, வீடு இல்லை, ஆள் இல்லை. திரையில் பேட்டரி எண் இறங்கிக்கொண்டே வந்தது. ரேடியோவையும் அணைத்தேன். யாராவது பெருமூச்சு விட்டால்கூட பேட்டரி குறைந்துவிடும் போலிருந்தது.

"என்னங்க, ஏன் ஆமை மாதிரி போறீங்க?" என்றாள் மனைவி.

பேட்டரி தீரப் போகிறது என்று திரையிலும் ஆமைப் படம்தான் வந்திருந்தது.

கார் நின்றது. சத்தமே போடாத கார் என்பதால் நின்றது யாருக்கும் தெரியவில்லை.

"சிக்னலா மாப்ள?" என்றார் மாமியார்.

செம்பனைக் காட்டில் சிக்னல்!

நல்ல நேரம் முடிய அரை மணிதான் இருந்தது. பெண்ணின் அப்பா கறாரான மனிதர் என்று கேள்வி. இந்தச் சம்பந்தம் என்னால் முறிந்தால் மாமியார் வீட்டில் ஆயுளுக்கும் எனக்குப் பச்சைத் தண்ணீர் கிடைக்காது. இறங்கி நின்றேன். புதருக்கு அப்பால் ஏதோ உறுமியது. காட்டுப்பன்றி! மாமியாரையும் இடித்துக்கொண்டு காருக்குள் பாய்ந்தேன்.

வந்தது செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர்.

"என்னாண்ணே, எண்ணெ முடிஞ்சிருச்சா?" என்றார் ஓட்டுநர்.

"இதுக்கு எண்ணெ இல்ல தம்பி. கரண்டு."

அவர் சுற்றிலும் பார்த்தார். "இங்க கரண்டுக் கம்பமே இல்லையே லா!"

"ரோட்டேக்ஸ் இல்லன்னு வாங்குனாரு தம்பி. அதான் ரோட்டுல ஓட மாட்டேங்குது" என்றாள் என் மனைவி.

டிராக்டரில் குலைகளுக்கு நடுவே, முள் குத்தக் குத்த, தட்டுகளோடு நால்வரும் பெண் வீட்டில் போய் இறங்கினோம். பந்தலில் எல்லாத் தலைகளும் திரும்பின. வியர்வையும் புழுதியுமாக எல்லாரும் ஒரே நிறத்தில் இருந்தோம். பெண்ணின் அப்பா எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுல மாப்ள யாரு?" என்றார்.

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. பெண்தான். அவள் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார். நல்ல நேரம் முடிவதற்குள் தட்டு மாற்றினோம்.

இப்போது குமரனுக்கு மகள் இருக்கிறாள். வரிச் சலுகை முடிந்து நானும் எல்லாரையும் போல ரோட்டேக்ஸ் கட்டுகிறேன். அதைச் சொன்னால் குடும்பத்தில் யார் கேட்கிறார்கள்? போன வாரம் ஈப்போ கோயிலில் அர்ச்சனைக்காகக் குருக்கள் என் பெயரைக் கேட்டார். குமரனின் மகள் முந்திக்கொண்டு கத்தினாள்: "ரோட்டேக்ஸ் மாமா!"

குருக்கள் மறுபடி கேட்கவில்லை. அந்தப் பெயருக்கே அர்ச்சனையை முடித்துவிட்டார்.