நாக்பூர் பாடகர்களை நான் வரவேற்ற கதை

வரவேற்புக் கமிட்டி என்று ஒன்று அமைத்தால், எந்த வேலைக்கும் லாயக்கில்லாத ஒருவனைப் பிடித்து ரயிலடிக்கு அனுப்புவது உலக வழக்கம். சமையலைப் பார்க்கச் சொன்னால் ருசி பார்த்தே தீர்த்துவிடுவான். பந்தல் போடச் சொன்னால் அது யார் தலையிலாவது விழும். ஸ்டேஷனில் நின்று கும்பிடு போடுவதில் என்ன கெட்டுவிடப் போகிறது என்ற நம்பிக்கைதான். (கெடும். நிறையவே கெடும்.)

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் பொன்மலை ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. பெயர் சாலமன். ஞானத்துக்குப் பேர்போன ராஜாவின் பெயரை வைத்துவிட்டதோடு தன் கடமை முடிந்தது என்று அப்பா இருந்துவிட்டார்.

அப்போது கிறிஸ்தவ இளைஞர் அமைப்பு ஒன்றில் நானும் உறுப்பினன். அதன் அகில இந்தியக் கூட்டம் சில வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பெரிய ஊரில் நடக்கும். வேதாகம வினாடி வினா, பேச்சுப் போட்டி, எல்லாவற்றுக்கும் மேலாகக் குழுப்பாட்டுப் போட்டி. பாட்டில் ஜெயித்தவர்களுக்குச் சுழற்கோப்பை. பெயர்தான் சுழற்கோப்பை, நாக்பூரை விட்டு அது சுழன்றதே கிடையாது. ஆர்மோனியமும் டோலக்கும் எடுத்துக்கொண்டு எங்கே போனாலும் நாக்பூர்க்காரர்கள் ஜெயித்துவிட்டுத் திரும்புவார்கள்.

இப்படி வடக்கேயே சுற்றிக்கொண்டிருந்த கூட்டம் முதல் முறையாகத் திருச்சிக்கு வந்தது. ஏற்பாட்டுத் தலைவர் தேவசகாயம் சார் என்னை அழைத்தார்.

“நாக்பூர் டீமைக் கூட்டிட்டு வர வேண்டியது உன் பொறுப்பு. உனக்குத்தான் இந்தி தெரியுமாமே?”

“தெரியும் சார்,” என்றேன். எனக்கு மொத்தம் எட்டுப் பத்து வார்த்தை தெரியும். அதில் பாதி காய்கறிப் பெயர்.

மறுநாள் விடியற்காலை ஜங்ஷனில் ரயில் வந்து நின்றது. என் எதிரில் இருந்த பெட்டியிலிருந்தே ஒரு கூட்டம் இறங்கியது. ஆண்களும் பெண்களுமாகப் பதினைந்து பேர் இருக்கும். போர்வை, மஃப்ளர், ஆர்மோனியம், டோலக்! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இருந்தாலும் பொறுப்பானவன் அல்லவா, முன்னால் வந்த பெரியவரிடம் என் இந்தியைப் பிரயோகித்தேன்.

“ஆப்... பிரபு... கானா?”

ஆண்டவருக்காகப் பாட வந்தவர்களா என்று கேட்டதாக என் எண்ணம். பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் இந்தியில் மயிரிழைதான் வித்தியாசம். என் வாயில் அந்த மயிரிழையும் இல்லை. இரண்டு நாள் ரயிலில் பட்டினியாக வந்தவர் முகம் மலர்ந்து, “ஹாங், ஹாங்! பிரபு! கானா!” என்றார். மாலையைப் போட்டு எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

அவர்கள் நெற்றியில் பொட்டு இருந்ததை நான் கவனிக்காமலில்லை. வடக்கே சபை வழக்கம் அப்படிப் போலிருக்கிறது என்று அந்த இடத்திலேயே ஒரு சரித்திர உண்மையைக் கண்டுபிடித்துத் திருப்தியடைந்தேன்.

பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்து, இட்லி சாப்பிட்டு, அவர்கள் ஆர்மோனியத்தைத் திறந்து பாட ஆரம்பித்தார்கள். தேவசகாயம் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என்ன பக்தி! இந்த வருஷமும் கோப்பை இவங்களுக்குத்தான்டா.”

பாட்டு முடிந்ததும் பெரியவர் என்னிடம் கேட்டார்: “ரங்க்ஜி கஹாங்?”

ரங்க்ஜி எங்கே என்கிறார். எங்கள் சமையல்காரர் பெயர் ரங்கசாமி. இட்லி அவ்வளவு பிடித்துவிட்டது! ஓடிப்போய் அவரைக் கரண்டியோடு அழைத்து வந்து நிறுத்தினேன். “நாக்பூர் வரைக்கும் நம்ம பேரு போயிருக்கா தம்பி?” என்று அவர் கூச்சத்தோடு நெளிந்தார். பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பின்னாலிருந்த பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

மதுரைக் குழுவில் லில்லி என்று ஒரு பெண். முந்தின நாளே பஸ்ஸில் வந்து, தாங்களாக வழி கேட்டு மண்டபத்தைக் கண்டுபிடித்த குழு அது. அவள் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்:

“அவங்க கேக்கிறது இவரை இல்லங்க. ஆத்துக்கு நடுவுல படுத்திருக்காரே, அவரை.”

அப்போதுதான் நெற்றிப் பொட்டு எனக்கு விளங்கியது: பெருமாளைச் சேவிக்க வந்த யாத்ரிகர்களை அல்லவா அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன்!

“மத்தியானத்துக்கு ஆட்டுக்கறி வேகுது. அவங்க மூக்குக்கு எட்டறதுக்குள்ள ஸ்ரீரங்கத்துல கொண்டுபோய் விடுங்க,” என்றாள்.

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது யாத்ரிகர்கள் கோபுரங்களைப் பார்த்துக் கைகூப்பினார்கள். நானும் கூப்பினேன். நிலைமை அப்படி.

அவர்களுக்காக ஏற்பாடாகியிருந்த சத்திரத்தைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தால், வரிசையாக இலை போட்டு உட்கார்ந்து நாக்பூர் டீம் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது! நான் போன பிறகு கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கி விழித்தவர்களை, யாத்ரிகர்களை அழைக்க ஸ்டேஷனுக்கு வந்திருந்த சத்திரத்து மேனேஜர் ஆர்மோனியத்தைப் பார்த்து அழைத்து வந்துவிட்டார்.

“இவா உங்க மனுஷாளா?” என்று அந்த மேனேஜர் ஐயங்கார் திகைத்தார். “பிரபு பிரபுன்னு என்னமா உருகிப் பாடினா! நடுவிலே ஈசு, ஈசுன்னு வந்தது. சிவன் பேரா இருக்கேன்னு மட்டும் கொஞ்சம் நெருடித்து.”

நாக்பூர்த் தலைவர் ஆங்கிலத்தில் விளக்கினார். ஏதோ தவறு என்று அவர்களுக்கும் தோன்றியதாம். ஆனால் அதற்குள் பொங்கல் இரண்டாம் முறை வந்துவிட்டதாம்.

நெய் சொட்டும் பொங்கலை மூன்று தரம் வாங்கியவன் மத்தியானம் என்ன பாடுவான்? ஆர்மோனியம் ஒரு பக்கம் போக, டோலக் அடித்தவர் தாளத்துக்கு நடுவே தூங்கி விழுந்தார். கோப்பை முதல் முறையாகச் சுழன்று மதுரைக் குழுவின் மடியில் விழுந்தது.

அன்று சாயங்காலம் என்னை நடுவில் நிறுத்திக் கமிட்டி விசாரணை. நான் லில்லியோடு ரகசியம் பேசியதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

“நெசத்தைச் சொல்லு. மதுரை ஜெயிக்கணும்னு வேணும்னுதானே மாத்தி விட்ட?” என்றார் தேவசகாயம் சார். “நாக்பூர்க்காரங்க மேலிடத்துக்குப் புகார் எழுதப் போறாங்க. உன்னை அமைப்பை விட்டே நீக்கச் சொல்றாங்க எல்லாரும்.”

லில்லி எழுந்து நின்றாள்.

“சார், நீங்க எல்லாரும் அநியாயம் பண்றீங்க. இவ்வளவு பெரிய சூழ்ச்சி பண்ணணும்னா அதுக்கு மூளை வேணும். இவரைப் பாருங்க. கேட்டது பெருமாளை, கூட்டிட்டு வந்தது சமையல்காரரை. இவரைப் போய்ச் சந்தேகப்படலாமா?”

கமிட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தது. நாக்பூர்த் தலைவரிடம் அதை யாரோ ஆங்கிலத்தில் சொன்னார்கள். அவரும் பார்த்தார். பிறகு அத்தனை பேரும் ஒரே குரலில் ஒத்துக்கொண்டார்கள். குழுப்பாட்டுப் போட்டியில்கூட அப்படி ஒரு ஒற்றுமையை நான் கேட்டதில்லை. புகாரும் எழுதப்படவில்லை.

எனக்காக இவ்வளவு ஆணித்தரமாக வாதாடிய பெண்ணை விட்டுவிட மனம் வரவில்லை. அடுத்த வருஷம் அவளையே கல்யாணம் செய்துகொண்டேன். (அதுவும் மூளை இருந்து செய்ததல்ல என்பது அவள் கட்சி.)

பல வருஷம் கழித்து எங்கள் மகளுக்குத் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் காலை ரயிலில் வருகிறார்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, “ஸ்டேஷனுக்குப் போயிட்டு வரேன்,” என்றேன். லில்லி பந்தி இலையைக்கூடக் கீழே வைக்காமல் ஓடி வந்து வாசலை மறித்துக்கொண்டாள்.

“நீங்க பேசாம உக்காருங்க. வேற மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்துடுவீங்க!”