பஞ்சுவின் முடி போன விவரம்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுகிறேன். நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். பஞ்சுவும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வர மாட்டேன் என்கிறது.

நேற்று போனில் நீங்கள், "மாமா, பஞ்சு எப்படி இருக்கான்?" என்று கேட்டதும், "ஜம்முனு இருக்கான்" என்று சொல்லி, வாசலில் யாரோ மணியடிப்பதாகப் போனை வைத்துவிட்டேன் அல்லவா? யாரும் மணியடிக்கவில்லை. பஞ்சுவும் ஜம்மென்று இல்லை. பாப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பெற்ற மகளானாலும் அவள் கோபம் என்றால் எனக்குக் கொஞ்சம் உதறல்தான்.

உங்கள் நாயை எங்களிடம் விட்டுவிட்டு வெளியூர் கிளம்பும்போது நீங்கள் தெளிவாகத்தான் சொன்னீர்கள். "குளிர்காலத்துல குளிப்பாட்டவே வேண்டாம் மாமா, தினமும் சீவி விட்டாப் போதும்." நானும் பலமாகத் தலையாட்டினேன். ஆனால் காலமெல்லாம் சலவைக் கடை நடத்தியவன் வீட்டில் அழுக்கு வாடையோடு ஒரு நாய் திரிவதா என்று ஒரு வீம்பு வந்துவிட்டது. நல்ல சூடாக வெந்நீர் போட்டு, என்னுடைய ஷாம்பூவையே தேய்த்துக் குளிப்பாட்டி, சளி பிடிக்கக் கூடாதே என்று ஹீட்டருக்கு முன்னால் உட்கார வைத்தேன். பளபளவென்று வெளியே வந்தான். தெருவே நின்று பார்த்தது. அந்தப் பாராட்டுதான் என்னைக் கெடுத்தது மாப்பிள்ளை. மறுபடி குளிப்பாட்டினேன். மறுபடியும். கொஞ்ச நாளில் அவன் உட்கார்ந்த இடமெல்லாம் சலவைச் சோடா கொட்டினாற்போல் வெள்ளை வெள்ளையாய்ப் பொடுகு. பின்னங்காலால் அவன் சொறிகிற வேகத்தில் தரை அதிர்ந்து, கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து, "சார், தையல் மெஷின் ஏதாவது வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். தோல் வறண்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, நான் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைப் பாட்டிலோடு கவிழ்த்தேன். அவன் ஒரே பாய்ச்சலாகக் கட்டிலில் ஏறி, திரைச்சீலையில் உடம்பைத் துடைத்து, இஸ்திரி போட்டு வைத்திருந்த என் சட்டைகளின் மேல் படுத்துப் புரண்டான். "நாயை என்ன, பொரிக்கப் போறீங்களா?" என்றார் உங்கள் மாமியார். எண்ணெய் வீடெங்கும் ஒட்டாமல் இருக்கப் பாப்பாவின் சின்ன வயதுக் கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டேன். மாட்டியவன் தினமும் கழற்றிச் சீவியிருக்க வேண்டும். சீவவில்லை. கடைசியில் கழற்றியபோது அடியில் முடியெல்லாம் சிக்குப் பிடித்து, பாய் பின்னினாற்போல் ஒட்டிக் கிடந்தது. அதற்குக் கீழே தோல் சிவந்து புண்ணாகியிருந்தது.

"யாரு இவனைக் குளிப்பாட்டினது?" என்று கேட்டார் கால்நடை டாக்டரம்மா. நான் சுவரில் இருந்த பூனைப் படத்தைப் பார்த்தேன். உங்கள் மாமியார் என்னைப் பார்த்தார். பஞ்சுவும் என்னைத்தான் பார்த்தான்.

"தோல்ல இயற்கையாவே ஒரு எண்ணெய்ப் பசை இருக்கும். வெந்நீர் ஊத்தி ஊத்தி அதை எடுத்துட்டீங்க, மிச்சத்தை ஹீட்டர்ல காய வச்சிட்டீங்க. மேலே தலை எண்ணெய் பூசினா போனது வந்துடுமா?"

"கடையில யாராவது கம்பளியை வெந்நீர்ல போட்டா அந்தக் கத்து கத்துவீங்களே, இது மட்டும் என்னவாம்?" என்றார் உங்கள் மாமியார், டாக்டரம்மா முன்னாலேயே.

சிக்கை எடுக்க முடியாதென்று மொத்தமாக மழித்துவிட்டார்கள். முடி போனபின் பார்த்தால் பஞ்சு இவ்வளவுதானா என்றிருக்கிறது. இரண்டு காதும் இரண்டு கண்ணும்தான் மிச்சம். மருந்து தடவப் போனால் கட்டிலுக்கடியில் பதுங்குகிறான். குழாய்ச் சத்தம் கேட்டால் நடுங்குகிறான். நான் முகம் கழுவுவதுகூட இப்போது திருட்டுத்தனமாகத்தான். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. முதன்முதலாக நம்பி ஒன்றை ஒப்படைத்தீர்கள். அதை மொட்டையடித்து வைத்திருக்கிறேன். தயவுசெய்து பயணத்தைச் சுருக்கிக்கொண்டு உடனே வந்து அவனை அழைத்துப் போங்கள். என்னிடம் இருந்தால் அவனுக்கு இன்னும் என்னென்ன ஆகுமோ.

நீங்களும் பாப்பாவும் நோய்நொடியில்லாமல், தலை நிறைய முடியோடு நெடுங்காலம் வாழ வேண்டும்.

தலைகுனிந்து நிற்கும்,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பஞ்சு தெருச் சேற்றில் புரண்டுவிட்டு வந்து நின்றான். "ஒரே ஒரு தடவைங்க, கொஞ்சமா வெந்நீர்" என்று வாளியைத் தூக்கியது யார் தெரியுமா? உங்கள் மாமியார்! அவன் ஓடி வந்து ஒளிந்துகொண்டது என் காலுக்குப் பின்னால். என் காலுக்குப் பின்னால், மாப்பிள்ளை! இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு, "டாக்டரம்மா சொன்னது உன் காதுல விழலையா?" என்று ஒரு சத்தம் போட்டேன். பிறகு ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டேன். ஓடாமல் உடம்பைக் காட்டிக்கொண்டு நின்றான். ஆகவே மேலே எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போன காரியத்தை நிதானமாக முடித்துக்கொண்டு வாருங்கள். ஒன்றும் அவசரமில்லை.