லேபிள் பார்க்காமல் கேட்ட மூன்று இசைத்தட்டுகள்

உலகத்தாரால் 'இடி' என்றும் வீட்டாரால் இன்றுவரை 'குட்டி' என்றும் அழைக்கப்படும் அன்பு மைத்துனனுக்கு, அக்காள் புருஷன் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காவும், ஆளுக்கொரு முழங்கால் நீங்கலாக, பூரண சுகம். அங்கு நீயும், உன் கிட்டாரும், உன் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பாவப்பட்ட ஜனங்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. புது ஆல்பம் ஒன்று, குழுவை விட்டு வெளியே வந்த பிறகு நீ தனியாகப் போட்ட பழைய ஆல்பங்கள் இரண்டு, மூன்று இசைத்தட்டுகளும் கீறல் இல்லாமல் இருக்கின்றன. உள்ளே நீ வைத்திருந்த சீட்டையும் படித்தேன். "அத்தான், பொய் சொல்லத் தெரியாத ஆள் எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தர்தான். புதுசையும் பழசையும் சேர்த்து வச்சுக் கேட்டுட்டு உள்ளதைச் சொல்லுங்க. முதல் ஆல்பத்தைவிடப் புதுசு மட்டம்னு நீங்க சொல்லிட்டா, வெளியீட்டுக் கச்சேரியை நிறுத்திட்டு, கிட்டாரை வித்துட்டு, உங்க பின்னறையில வந்து ஒண்டிக்கிறேன்." முதல் வாக்கியத்தில் என் நெஞ்சு நிமிர்ந்தது. கடைசி வாக்கியத்தில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

போன தடவை வந்தபோது அந்தப் பின்னறையை நீ எட்டிப் பார்க்கவில்லை, அது இப்போது எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற கையோடு உன் அக்காவிடம் மல்லுக்கட்டி, உடைந்த கட்டில், ஓட்டைப் பெட்டி, ஜிகினா வைத்த உன் பழைய மேடைச் சட்டைகள் எல்லாவற்றையும் ஒழித்துக்கட்டி, அங்கே ஒரு மேஜை போட்டு, ஊரார் தூக்கிப்போடும் பழைய மின்விசிறிகளைப் பிரித்துச் சரிசெய்துகொண்டு நிம்மதியாக இருக்கிறேன். இந்த வீட்டில் 'என்னங்க' என்ற சத்தம் எட்டாத ஒரே இடம் அதுதான். முன்பு நீ குழுவோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து, "ரெண்டே நாள் அத்தான்" என்று சொல்லி ஒரு மழைக்காலம் முழுக்கத் தங்கினாயே, அதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. சாப்பாட்டு மேஜையில் தாளம், குளியலறைக் கதவில் தாளம், நான் குனிந்து செருப்பு மாட்டினால் என் முதுகில் தாளம். ஆகையால் மச்சான், என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பார். புது ஆல்பம் நல்லா இருக்கு என்று சொன்னால் எனக்கு அறை மிஞ்சும். நல்லா இல்லை என்று சொன்னால் மானம் மிஞ்சும். இரண்டும் சேர்ந்து மிஞ்ச வேண்டுமானால் ஆல்பம் உண்மையிலேயே நன்றாக இருந்து தொலைக்க வேண்டும். இப்படி ஒரு வேண்டுதலோடு பாட்டுக் கேட்க உட்கார்ந்தவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

நான் சோப்பு ஆலையில் தரம் பார்த்தவன் என்பது உனக்குத் தெரியும். எப்படிப் பார்த்தேன் என்பது தெரியாது. என் மேஜைக்கு வரும் சோப்பில் பெயர் இருக்காது, உறை இருக்காது. லேபிளைப் பார்த்தால் மூக்கு பொய் சொல்லும், இதுதான் என் கொள்கை. முகர்ந்து, நுரைத்து, அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எது எந்தச் சரக்கு என்று திறந்து காட்டுவார்கள். போட்ட கையெழுத்தை நான் ஒருநாளும் மாற்றியதில்லை. முதலாளியே தன் கையால் காய்ச்சிய சோப்பை, அவர் முன்னாலேயே, 'இது மாடு குளிப்பாட்ட ஆகும்' என்று எழுதியவன் நான். அதே முறையைத்தான் உனக்கும் கையாண்டேன். உன் அக்காவைக் கூப்பிட்டு, உறைகளை ஒளித்துவைத்துவிட்டுத் தட்டுகளின் நடுவில் பெயர் தெரியாதபடி காகிதம் ஒட்டச் சொன்னேன். அந்த அம்மாள் சமையலறை டப்பாக்களுக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த சீட்டுகளை எடுத்து ஒட்டிவிட்டாள். ஒரு தட்டு உப்பு, ஒரு தட்டு சர்க்கரை, ஒரு தட்டு மிளகு. "கையெழுத்துப் போடற வரைக்கும் எது எதுன்னு மூச்சு விடக்கூடாது" என்றேன். "நான் ஏங்க விடறேன். உங்க மூக்குக்குத்தான் எல்லாம் தெரியுமே, அடுப்புல பால் பொங்கறது மட்டும்தானே தெரியாது" என்றாள். உன் பழைய ஆல்பங்கள் வந்த காலத்தில் நான் கொதிகலன் சத்தத்தில் வேலை செய்துவிட்டு வீட்டில் காதில் பஞ்சோடு இருந்தவன், ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதே. கறைபடாத காது என்று எடுத்துக்கொள்.

தட்டு இருக்கிறது, சுழற்ற இயந்திரம் வேண்டாமா? ஆலையில் என்னோடு இருந்த கொதிகலன்காரரிடம் ஒன்று இருந்தது. அதைக் கடன் வாங்கி மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறும்போது, வருஷா வருஷம் அடிப்பதுபோல் போன வாரமும் என் கையால் பெயிண்ட் அடித்த படிக்கட்டுச் சுவரில் நானே ஒரு நீளக் கோடு இழுத்துவிட்டேன். அந்த எரிச்சல் அடங்குவதற்குள், மேஜை ஆடுகிறது என்று இயந்திரத்தைத் தையல் மெஷின்மேல் வைத்தேன். கால் தெரியாமல் மிதியில் பட்டு ஊசி என் சட்டைக் கையைத் தைத்துவிட்டது. சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு நின்று ஒலிபெருக்கிகளைத் தரையில் வைத்தேன். எங்கள் தரை கீழ்வீட்டுப் பல் டாக்டருக்குக் கூரை என்பதை நான் மறந்தேன், உன் டிரம்ஸ்காரர் ஞாபகப்படுத்தினார். முதல் அடியிலேயே அவர் வீட்டுக் கூரைச் சுண்ணாம்பு வாய் கொப்பளிக்கிற கிண்ணத்தில் விழுந்ததாம். டாக்டர் கையில் குறடோடு படியேறி வந்துவிட்டார். பின்னாலேயே அவருடைய நோயாளி, கடைத்தெருத் தையல்காரர், கழுத்தில் துண்டும் கன்னத்தில் பஞ்சுமாக வந்தார். "சுவத்துல கை வைக்காதீங்க, பெயிண்ட்" என்று மேலே நின்று கத்தினேன். "சார், கூரையே இறங்குது, நீங்க சுவத்தைப் பத்திப் பேசறீங்க" என்றார் டாக்டர். விஷயத்தைச் சொன்னேன். இடியின் புது ஆல்பமா என்று கேட்டு, குறடைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தையல்காரருக்கு வாய் மரத்திருந்ததால் அவர் கருத்தை யாரும் கேட்கவில்லை.

முதலில் உப்பு. மச்சான், வருத்தப்படாதே. தொடங்கியதிலிருந்து முடிகிறவரை ஒரே அந்திப்பொழுது. ஒரு பாட்டில் விளக்கு அணைகிறது, அடுத்த பாட்டில் கப்பல் போகிறது, அதற்கடுத்த பாட்டில் நீ எல்லோரிடமும் விடைபெறுகிறாய், விடைபெற்றுவிட்டுப் போய்த் தொலையாமல் இன்னும் இரண்டு பாட்டு பாடுகிறாய். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. 'வாழ்ந்து களைத்தேன்' என்று ஒரு பாட்டு, அதில் கிட்டாரும் களைத்து உன் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. தையல்காரர் சுவரில் சாய்ந்து குறட்டை விட்டார். "இதைக் கேட்டிருந்தா நான் மரத்துப்போற ஊசியே போட்டிருக்க வேண்டாம்" என்றார் டாக்டர்.

அடுத்தது சர்க்கரை. அதைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. பின்னால் முப்பது பேர் கூடப் பாடுகிறார்கள், வயலின் மழையாகக் கொட்டுகிறது, உன் குரலைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. யாரோ ஒரு கம்பெனிக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, 'இன்னும் கொஞ்சம் இனிப்பு, இன்னும் கொஞ்சம் இனிப்பு' என்று சொல்லியிருக்கிறார். நல்ல நுரை, அழுக்கு போகாது.

பிறகு மிளகு. அதை எப்படிச் சொல்வேன்! முதல் பாட்டே நடுவில் ஆரம்பிக்கிறது. நீ ஒரு வரியைத் தப்பாகப் பாடி, சிரித்துவிட்டு, அந்தச் சிரிப்போடேயே அடுத்த வரிக்குப் போய்விடுகிறாய், யாரும் அதை வெட்டி எறியவில்லை. ஒரு பாட்டில் 'எங்கே வைத்தேன், எங்கே வைத்தேன்' என்று வீடு முழுக்கத் தேடுகிறாய். மனசைத்தான் எவளிடமோ தொலைத்திருக்கிறாய், அது எனக்குப் புரியாதா? இன்னொன்று படிக்கட்டுப் பாட்டு. காதலியைப் பார்க்க மாடி ஏறுகிறாய், பாதிப் படியில் மூச்சு நின்றுபோகிறது, அவள் மேல்படியில் ஒரு தம்ளர் தண்ணீரோடு காத்திருக்கிறாள். இளமை என்றால் அது! அந்தப் பெண்ணின் தகப்பன் ஒருத்தன் மேலே நின்றுகொண்டு, வந்தவனை வா என்று சொல்லாமல், சுவரைத் தொடாதே, செருப்பை ஒழுங்காக விடு என்று கத்துகிறான் பார், அவனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இப்படிப்பட்ட சிடுமூஞ்சிகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அச்சு அசலாகப் பிடித்திருக்கிறாய். நல்ல சோப்புக்கே சிரிக்காதவன் நான், வாய்விட்டுச் சிரித்தேன். தையல்காரர் கண்ணைத் திறந்து, பஞ்சு விழுவது தெரியாமல் காலால் தாளம் போட்டார். டாக்டர் பையிலிருந்து குறடை எடுத்து என் மேஜையைத் தட்டினார், நான் திட்டவில்லை. உன் அக்காவோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டாள். தம்பியின் பழைய குரலைக் கேட்டு நெஞ்சு அடைத்துவிட்டது போலிருக்கிறது, பாவம்.

இனி அறிக்கை. எது எந்தக் காலத்துச் சரக்கு என்று கண்டுபிடிக்க எனக்கு உறை தேவையில்லை. மிளகு உன் முதல் ஆல்பம், முப்பது வயசு ரத்தம் அதில் துள்ளுகிறது. சர்க்கரை இரண்டாவது. உப்புதான் புதியது. அறுபத்தைந்தைத் தாண்டியவன் தவிர வேறு யார் இப்படி முக்கி முனகிக்கொண்டு ஆளாளுக்கு விடைகொடுப்பான்? ஆகவே, நீ கேட்டபடி உள்ளதைச் சொல்கிறேன். புதுசு மட்டம். முதல் ஆல்பத்துக்கு உறை போடக் காணாது. அந்த மிளகுக்காரன் எங்கேயடா போனான்? தப்பாகப் பாடிவிட்டு வெட்கமில்லாமல் சிரித்தானே, அவனை எங்கே தொலைத்தாய்? பெரிய மனுஷனாகிவிட்டோம் என்று நினைத்து நீட்டி நீட்டிப் பாடுகிறாயே, யார் கேட்டார்கள் உன் தத்துவத்தை? சொல்லும்போது எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. நீ மேடை ஏறி முதல் தடவை பாடிய நாளில், கூட்டத்தில் நின்று ஜிகினாச் சட்டைக்காரனைக் காட்டி, 'அது என் மச்சான்' என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னவன் நான். அதையெல்லாம் வைத்துக்கொண்டு பொய் எழுதினால் நீ நம்பமாட்டாய்.

ஆனால் ஒரு வேண்டுகோள். கச்சேரியை நிறுத்து, அல்லது பழைய மிளகுப் பாட்டுகளை மட்டும் பாடு. கிட்டாரை விற்காதே. விற்றாலும் இங்கே வந்து தாளம் போடத்தான் போகிறாய், கிட்டார் இருந்தாலாவது கைக்கு வேலை இருக்கும். வருவதுதான் விதி என்றால் தடுக்க நான் யார்? மின்விசிறிகளையெல்லாம் பால்கனிக்கு மாற்றிவிட்டேன். உன் அக்கா நீ வருவாயோ வரமாட்டாயோ என்று தெரிவதற்கு முன்னாலேயே அறையைக் கழுவி, புதுக் கட்டில் போட்டு, தலையணைக்கு உறையும் மாட்டிவிட்டாள். என் மேஜையை என்ன செய்தாள் என்று இன்னும் கேட்கவில்லை.

உன் தொண்டைக்கு நோய் அண்டாமலும், விரல் நரம்பு தளராமலும், கூட்டம் கலையாமலும் நீ நீடூழி இருக்க வேண்டும் என்று வாழ்த்தி, மேற்கண்ட அறிக்கைக்கு முழுப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்ட பிறகு, முறைப்படி உன் அக்காவைக் கூப்பிட்டுச் சீட்டுகளை உரிக்கச் சொன்னேன். அவள் கடிதத்தை ஒருமுறை படித்தாள். படித்தவள் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். உப்புதான் உன் முதல் ஆல்பமாம். மிளகு புதுசாம். முப்பது வயசில் கிழவனாகப் பாடியிருக்கிறாய், இப்போதுதான் உனக்கு வாலிபம் வந்திருக்கிறது. 'எங்கே வைத்தேன்' என்று நீ தேடியது மனசை இல்லையாம், மூக்குக் கண்ணாடியையாம். "முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன" என்று கத்தினேன். "மூச்சு விடக்கூடாதுன்னு சொன்னது யாரு?" என்றாள். சரி, படிக்கட்டில் தம்ளரோடு நிற்கிறவள் யார் என்று கேட்டேன். சிரிப்பு நின்றுபோய்விட்டது. "நான்தாங்க. போன தடவை வந்தப்போ ரெண்டாவது மாடியில நின்னுட்டான், மேல வரமாட்டானோன்னு பயந்துட்டேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சிடுமூஞ்சி யார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட அறிக்கையை நான் திருத்துவதில்லை, ஆகவே இதை அப்படியே அனுப்புகிறேன். திட்டு எல்லாம் அந்த முப்பது வயசுக்காரனுக்கு, புகழ்ச்சி எல்லாம் உனக்கு. கச்சேரி கட்டாயம் நடக்க வேண்டும், டாக்டரும் தையல்காரரும் வருகிறார்கள். உன் நிபந்தனைப்படி நீ இங்கே வரவேண்டிய அவசியம் இனி இல்லை, அறை எனக்குத்தான். ஆனால் மின்விசிறிகள் பால்கனியிலேயே நன்றாகச் சுற்றுகின்றன. கச்சேரி முடிந்ததும் கிட்டாரோடு வந்து சேர். பாதிப் படியில் நின்று நன்றாக மூச்சு வாங்கிக்கொள். வேண்டுமானால் சுவரையும் பிடித்துக்கொள், நான் கத்தமாட்டேன்.