துரை தங்கிய வீடு

மாப்பிள்ளையின் வாப்பா தாஸிம் ஹாஜியாரின் தொப்பியில் கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அவர் உட்கார்ந்திருந்த கதிரையைச் சற்று நகர்த்தினார். அடுத்த சொட்டும் அவரையே தேடி வந்தது.

அதைப் பெண்ணின் வாப்பா பாயிஸ் பார்த்துவிட்டார். மகள் ஷஹ்மாவுக்கு இந்தச் சம்பந்தம் கூடினால், கடுகண்ணாவையில் இருக்கும் இந்தப் பழைய வீடுதான் சீதனமாக அவளுக்குப் போகும். மாப்பிள்ளை வீட்டார் கூரையைப் பற்றிக் கேட்பதற்குள் தானே முந்திக்கொள்வது நல்லது என்று அவருக்குப் பட்டது.

“இந்த ஓட்டுல நாங்க கை வெக்கிறல்ல ஹாஜியார். வெள்ளக்காரன்ட காலத்துல ஒரு கவர்னர் தொரை இதுக்குக் கீழ ஒரு ராவு படுத்தவர். அந்த மரியாதைக்கு அப்பிடியே வெச்சிருக்கிறோம்.”

ஹாஜியார் நிமிர்ந்து உட்கார்ந்து, எந்த அறையில் என்று கேட்டார். பாயிஸ் இதை எதிர்பார்க்கவில்லை. கைக்கு எட்டிய கதவைக் காட்டினார். அது சாமான் அறை.

ஹாஜியார் எழுந்து அந்த அறைக்குள்ளேயே போய்விட்டார். உள்ளே ஒரு கட்டிலில் மிளகு பரப்பியிருந்தது. துரையின் கட்டில் இதுதானா என்று கேட்டார். இல்லையென்றால் வேறொன்றைக் காட்ட வேண்டும் என்பதால் பாயிஸ் ஆமென்றார். ஹாஜியார் மிளகை ஒதுக்கிவிட்டு மரியாதையோடு உட்கார்ந்தார். கட்டிலின் கால் முறிந்தது. மிளகோடு மிளகாக அவரும் தரைக்கு வந்தார்.

தூக்கிவிட ஓடிவந்த பாயிஸின் மனைவி றம்லத், கணவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, துரை படுத்த அன்றும் இதே கால்தான் முறிந்ததாம் என்றாள்.

ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிப்பிக்கும் கூட்டாளியை அடுத்த கிழமையே கூட்டி வருவதாகவும், அவர் வந்து பார்த்தால் வீட்டைப் அரசாங்கத்தில் பழம்பெரும் கட்டடமாகப் பதிந்துவிடுவார்கள் என்றும் சொன்னார். “அதுக்குப் பொறகு ஒரு ஓட்டைக்கூட யாரும் அசைக்க ஏலா.”

பாயிஸ் கூரையை அண்ணாந்து பார்த்தார். கல்யாணத்துக்கு முன் அதை முழுதாக மாற்றிவிடத்தான் நினைத்திருந்தார். இப்போது மகள் ஆயுள் முழுக்கச் சட்டி வைத்து மழை பிடிக்க வேண்டும்.

திரைக்குப் பின்னால் நின்ற ஷஹ்மா தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்தாள்.

“எந்தத் தொரையும் வரல்ல மாமா. இது வாப்பாட மூத்தப்பா கட்டின ஊடு.”

அந்தப் பாட்டனார் துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய் விற்றவர் என்றாள். முதலில் கட்டியது ஒரே ஓர் அறைதான். பிறகு ஒவ்வொரு மகளின் கல்யாணத்துக்கும் ஓர் அறை சேர்த்தார். அதனால்தான் எந்த இரண்டு அறைக்கும் தரை ஒரே மட்டத்தில் இல்லை. சாமான் அறை, கடைசி மகள் புதுப்பெண்ணாக இருந்த அறை.

“ஒழுகுறது உண்மதான். ஓடு மாத்தத்தான் போறம்.”

பாயிஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மகள் சொன்ன வீடு, தான் சொன்ன வீட்டைவிடப் பெரிதாக இருந்ததாக அவருக்குத் தோன்றியது. ஹாஜியார் யார் முகத்தையும் பார்க்காமல் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார்.

வந்ததிலிருந்து வாய் திறக்காத மாப்பிள்ளையின் உம்மா அபீபா, ஷஹ்மாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, ஹாஜியாரைக் கண்ணால் காட்டினாள்.

“அந்தத் தொரை எங்கட ஊட்டுலயும் ஒரு ராவு படுத்தவர்தான் மகள். எனக்குக் கலியாணம் பேசி என்ட வாப்பா இவர்ட ஊட்டுக்குப் போன நேரம், இவர்தான் கட்டிலக் காட்டினார்.”