இருட்டாத ஊருக்கு ஆறு பேர்

"மான் வேண்டாம்" என்றார் கணவர்.

"சாதாரண மான் இல்லைங்க, துருவ மான். பனியில வண்டி இழுக்கும்."

"எதுவா இருந்தா என்ன? வழியில அதுக்குத் திடீர்னு கோபம் வந்தா, அந்த நாட்டு பாஷையில நான் என்ன சொல்லி சமாதானம் பண்றது?"

அவள் பென்சிலை எடுத்துப் பட்டியலில் துருவ மானை அடித்தாள். பதினோரு வருடமாக எழுதிவந்த பட்டியல் அது. பள்ளியில் கழித்துப் போட்ட வருகைப் பதிவேட்டின் பின்பக்கங்களில் நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து என்று பத்தி பிரித்து வைத்திருந்தாள். கணவர் ஓய்வு பெற்றதும் போகலாம் என்பது பேச்சு. அவர் ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகியிருந்தது.

அவள் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அனுப்பிவைப்பவள். படிவம் நிரப்புவது, தலை எண்ணுவது, பஸ் புறப்படும்போது வாசலில் நின்று கையசைப்பது எல்லாம் அவள் வேலை. எந்த ஊரில் எந்தப் பிள்ளை பையைத் தொலைத்தாலும் தொலைபேசி அவள் மேஜையில்தான் அடிக்கும். எண்ணிக்கையில் ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று தலைமையாசிரியை ஆண்டுவிழாவில் பாராட்டியிருக்கிறார்.

"சரி, மான் இல்லை. போகலாம்தானே?"

"போகலாம். ஆனா நாம ரெண்டு பேர் மட்டும் போய் என்ன பண்றது? பேச ஆள் வேணாமா?"

இருபத்தெட்டு வருடமாக இந்த வீட்டில் பேச ஆள் இருந்ததாக அவளுக்கும் நினைவில்லை. அதனால் மறுக்க முடியவில்லை. நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"அண்ணி! நீங்க கூப்பிட்டதே எனக்குப் பெருசு. ஆனா அந்தப் பனிப்பாறை மேல நடக்கிறதெல்லாம் வேணாம். இவருக்கு முட்டி வலி."

"அவர் மட்டும் கீழ உட்கார்ந்திருக்கட்டுமே."

"எங்க, பனியிலயா? உங்க தம்பியா இருந்தா உட்கார வைப்பீங்களா?"

பனிப்பாறை போயிற்று. மறுநாள் திமிங்கிலமும் போயிற்று. படகில் ஏறினால் நாத்தனார் கணவருக்குக் குமட்டுமாம்.

"திமிங்கிலம் கரைப்பக்கம் வராதா?" என்று போனை வாங்கி அவரே கேட்டார்.

"வராது."

"அதுக்கே நம்மளைப் பாக்க ஆசையில்லை. விடுங்க."

அவள் விட்டாள். விடுவதில் அவளுக்கு நல்ல பழக்கம். ஆனால் ஒன்றை மட்டும் விடுவதாக இல்லை. பின்லாந்தில் ஓர் ஏரிக்கரை, அதில் ஒரு மரவீடு. வீட்டிலிருந்து தண்ணீருக்குள் நீளும் பலகைப் பாதை. முதன்முதலில் அந்தப் படத்தைப் பார்த்தபோது, அதில் ஆளே இல்லாததுதான் அவளுக்குப் பிடித்தது. அந்தப் பலகையின் நுனியில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. அவளும் யாரையும் எண்ணக் கூடாது. பதினோரு வருடப் பட்டியலின் சாரம் இவ்வளவுதான். மானும் திமிங்கிலமும் அந்த ஆசைக்கு அவள் போட்டுவைத்த மேல்பூச்சு. ஒரு மணி நேரம் சும்மா நிற்க இத்தனை தூரம் போகிறேன் என்றால் எந்த வீட்டில் ஒத்துக்கொள்வார்கள்?

பயண நிறுவனத்துப் பெண் கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"நாலு பேர்னா பொது பஸ்தான் மேடம். அது பெரிய ஹோட்டல்ல மட்டும்தான் நிக்கும். ஏரி வீட்டுக்குப் போகாது."

"போறதுக்கு வழியே இல்லையா?"

"ஆறு பேர் இருந்தா தனி வேன். நீங்க சொல்ற இடத்துக்குப் போகும்."

அன்று மாலையே மகளையும் மருமகனையும் சேர்த்தாள்.

"வரோம்மா. ஆனா எனக்கு ஜூன்லதான் லீவு."

"ஜூன்லயா? அப்ப வானத்துல அந்தப் பச்சை வெளிச்சம் தெரியாதேடி."

"ஏன் தெரியாது?"

"இருட்டினாத்தான் தெரியும். ஜூன்ல அங்க இருட்டவே இருட்டாது."

கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சிரித்தார். "நல்லதாப் போச்சு. ராத்திரி எழுந்தா சுவர்ல முட்டிக்க வேண்டாம்."

பச்சை வெளிச்சத்தையும் அடித்தாள். இப்போது பட்டியலில் கடைத்தெரு மூன்று, அருங்காட்சியகம் இரண்டு, லிஃப்ட் உள்ள ஹோட்டல் நான்கு, ஏரி ஒன்று.

அதற்கும் வந்தார் மருமகன். "அத்தை, அந்த ஏரி வீட்டுல நெட் வருமா?"

"வராது."

"டிவி?"

"கிடையாது."

"அப்ப அங்க என்ன பண்ணுவோம்?"

"ஒண்ணும் பண்ண மாட்டோம்."

கூடத்தில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சபையில் சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டதுபோல இருந்தது.

"அந்த ஏரி இருக்கும்" என்றாள் அவள். "அது இல்லைன்னா நான் வரலை."

"ஐயையோ, நீ வரலைன்னா சூட்கேஸை யாரு அடுக்கறது?" என்றார் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். ஏரி நிலைத்தது. ஒரு வீட்டில் தான் நினைத்தது நடக்க இவ்வளவு எளிதான வழி இருந்ததா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருடம் கெட்டிக்காரத்தனம் இல்லாமல் இருந்துவிட்டோமே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

விசாப் படிவங்களை யாரும் தொடவில்லை. "உனக்குத்தான் பழக்கம்" என்று அவள் பக்கம் தள்ளினார்கள். பள்ளியில் மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து எழுதினாள். நாத்தனார் இரண்டு முறை மாற்றிச் சொன்ன பிறந்த தேதியைத் திருத்தினாள். மருமகனின் புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று மறுபடி எடுக்கவைத்தாள். ஒவ்வொருவருக்கும் விசா மையத்தில் நேரம் வாங்கினாள். கை தன்பாட்டுக்கு எழுதியது. மனம் பலகையின் நுனியில் நின்றது. தண்ணீர் அசையவில்லை.

விசா மையத்தில் குளிர்சாதனம் பற்களைக் கிட்டவைத்தது. "இங்கயே இப்படின்னா!" என்று கோட்டைத் தேடினார் நாத்தனார் கணவர். குடும்பம் ஒரே வரிசையில் உட்கார்ந்தது. அவள் கவுண்டருக்குப் போனாள்.

கண்ணாடிக்குப் பின்னால் கம்பளிச் சட்டை போட்ட ஊழியர் படிவக் கட்டை வாங்கிப் புரட்டினார்.

"அஞ்சு."

"ஆறு சார்."

"அஞ்சுதான்மா இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இருபத்திரண்டு வருஷமா இதே வேலைதான் சார் பண்றேன். கொடுங்க."

கணவர், நாத்தனார், நாத்தனார் கணவர், மகள், மருமகன். ஐந்து. தாள் ஒட்டியிருக்குமோ என்று விரலை நாக்கில் தொட்டு மறுபடி எண்ணினாள். ஐந்து. திரும்பி நாற்காலி வரிசையில் தலைகளை எண்ணினாள். ஐந்து. தாளும் தலையும் சரியாக இருந்தன. பஸ் புறப்படலாம்.

அப்போதுதான் பையின் அடியில் கை எதிலோ பட்டது. மடிப்புக் கலையாத அவளுடைய பாஸ்போர்ட்.

"சார், என்னோடதை... இப்பவே இங்கயே எழுதிக் கொடுத்துடறேன்."

"அஞ்சு பேருக்குத்தானே நேரம் வாங்கியிருக்கீங்க. இனிமே வாங்கினா ஜூலையிலதான் கிடைக்கும்."

கணவர் எழுந்து வந்தார். "என்ன, எதையாவது விட்டுட்டியா?"

"என்னோட படிவத்தை எழுத விட்டுட்டேங்க."

அவர் சற்று யோசித்தார். "அப்ப அந்தத் தனி வேன் போச்சா?"

அவள் கண்ணாடியில் கை ஊன்றி நின்றாள். ஊழியருக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். படிவங்களின் கடைசிப் பக்கத்தை ஒவ்வொன்றாகத் திருப்பி அவள் பக்கம் காட்டினார்.

"பதறாதீங்கம்மா, நீங்க எதையும் விடலை. 'இவங்க திரும்பி வர்ற வரைக்கும் ஊர்ல இருந்து பொறுப்பு ஏத்துக்கறவர்'ங்கற இடத்துல அஞ்சு படிவத்துலயும் உங்க பேரு, உங்க போன் நம்பர், உங்க கையெழுத்து. அப்புறம் ஆறாவதா யாரைத் தேடறீங்க?"