இருமலுக்கு வேலையில்லாத தெரு

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு, கட்டில், மெத்தை, பீரோ வியாபாரம் செய்யும் உங்கள் அக்காள் கணவர் எழுதுவது:

நம் கடைத்தெருவுக்குள் வண்டி விடுவதை நிறுத்தி நேற்றோடு ஏழு மாதம் ஆகிறது. அதை எதிர்த்து முதல் கையெழுத்துப் போட்டவன் நான். நான் தோற்றேன், கடை ஜெயித்தது. விஷயம் இவ்வளவுதான். மீதியெல்லாம் விவரம்.

இங்கே நானும் உங்கள் அக்காவும் சுகம். இடது முழங்கால் சுகமில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன், இப்போது அதுவும் சுகம். அங்கே நீங்களும் பிள்ளைகளும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே எழுதிவிட்டு வியாபாரத்துக்கு வருகிறேன். இல்லாவிட்டால் கடைசியில் மறந்துவிடுவேன்.

இருபத்தாறு வருடமாக உங்களிடம்கூடச் சொல்லாத ஒரு தொழில் ரகசியத்தை இப்போது சொல்லிவிடலாம். இனிமேல் அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. நம் கடையில் எந்தச் சாமானுக்கும் விலை கிடையாது. ஆளுக்குத்தான் விலை. கல்லாவில் உட்கார்ந்தால் தெரு முழுக்கத் தெரியும். வருகிறவர் நடந்து வந்தால் நான் ஒரு தடவை இருமுவேன். இரண்டு சக்கரத்தில் வந்தால் இரண்டு தடவை. கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் மூன்று. உள்ளே நிற்கிற பெரிய சேல்ஸ்மேன் அதை எண்ணிக்கொண்டுதான் வாயைத் திறப்பார். ஒரு மழைக்காலத்தில் எனக்கு நிஜமாகவே சளி பிடித்து, ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தலையணை கேட்டு வந்த நேரம் பார்த்து ஏழெட்டு தடவை விடாமல் இருமித் தொலைத்தேன். சேல்ஸ்மேன் பதறிப்போய் வாத்தியாருக்கு நாற்காலி போட்டு, மின்விசிறியைத் திருப்பி வைத்து, தலையணைக்கு பீரோ விலை சொல்லிவிட்டார். அந்த வாத்தியார் இன்றுவரை எதிர்ப்பக்கமாகவே நடக்கிறார்.

இதைச் சொன்னால்தான் நான் ஏன் எதிர்த்தேன் என்பது உங்களுக்குப் புரியும். வண்டி வராவிட்டால் ஆள் வரமாட்டார்கள் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்த பயம் வேறு. எல்லோரும் நடந்தே வந்தால் யார் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? எத்தனை தடவை இருமுவது?

அப்போது வியாபாரிகள் சங்கத்துக்கு நான் தலைவர், பூட்டுக்கடைக்காரர் செயலாளர். வண்டியால்தான் பிழைக்கிறோம் என்று கணக்கோடு காட்டிவிட வேண்டும் என்று, ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு வாசலில் ஸ்டூல் போட்டு, நோட்டும் பேனாவுமாக நானே உட்கார்ந்தேன். சாயங்காலம் ஏழு மணிக்குள் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு வண்டி போயிருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதில் நம் வாசலில் நின்றது நாற்பத்தொன்று. அந்த நாற்பத்தொன்றில் முன்னால் போக முடியாமல் நின்றது இருபத்திரண்டு, வழி கேட்க நின்றது பன்னிரண்டு, ஒன்றோடு ஒன்று உரசிவிட்டு சண்டைக்காக நின்றது நாலு. படி ஏறி உள்ளே வந்தது மூன்றே பேர். ஒருவர் பூட்டுக்கடை எங்கே என்று கேட்டார். ஒருவர் கழிவறை இருக்கிறதா என்று கேட்டார். மூன்றாமவர் ஒரு தலையணை உறை வாங்கினார். நோட்டைக் கொண்டுபோய் உங்கள் அக்காவின் துணி அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

நகரசபையில் விசாரணைக் கூட்டம் வைத்தார்கள். திட்டம் போட்ட என்ஜினியரம்மா மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், ஒல்லியான உடம்பு, கையில் ஒரு அளவு டேப். நான் எழுந்து, தொண்டையைச் செருமி (பழக்கம், மூன்று தடவை வந்துவிட்டது), “ஒரு மனுஷன் பீரோவை நடந்தா தூக்கிட்டுப் போவான்?” என்று கேட்டேன். நம் ஆட்கள் கைதட்டினார்கள்.

“நியாயமான கேள்விங்க ஐயா,” என்றார் அந்தம்மா. “இதுவரைக்கும் உங்க கடையில வாங்கின பீரோவை யாராவது தன்னோட கார்ல ஏத்திட்டுப் போயிருக்காங்களா?”

“அதெப்படிப் போவாங்க? நாங்கதான் எங்க வேன்ல வீட்டுக்கே அனுப்புவோம்.”

“எத்தனை மணிக்குங்க?”

“காலையில, கடை திறக்கறதுக்கு முன்னாடி.”

“காலைல ஒன்பது வரைக்கும் சாமான் வண்டி உள்ள வரலாம்னு திட்டத்துல மூணாவது பக்கத்துல இருக்குதுங்க ஐயா.”

நான் இரண்டு பக்கம்தான் படித்திருந்தேன். பூட்டுக்கடைக்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, “உக்காருங்க தலைவரே, இருக்கிற பீரோவும் போயிடப் போவுது,” என்றார்.

அப்புறம் தோண்ட ஆரம்பித்தார்கள். நாலு மாதம். தெருவில் பலகை போட்டு நடந்தோம். தாரைப் பெயர்த்தால் அடியில் பழைய கல் தளம், பழைய கல் வாய்க்கால், எல்லாம் முழுசாக இருக்கிறது. அந்த வாய்க்காலின் நட்டநடுவில் மூன்று படி கொண்ட ஒரு படிக்கட்டு உட்கார்ந்திருக்கிறது. யாருடைய படி என்று என்ஜினியரம்மா டேப்பை நீட்டி அளந்தார். நம்முடையது. இருபத்தாறு வருடமாகத் தெரு என் கடையை இடிக்கிறது என்று சண்டை போட்டவன் நான், கடைதான் தெருவை மூன்றடி இடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. படி போயிற்று. கூடவே பதினெட்டடி விளம்பரப் பலகையும் போயிற்று. அதைக் கழற்றினால் பின்னால் ஒரு வளைவு ஜன்னல், மர வேலைப்பாடு, கட்டின வருடம் செதுக்கியிருக்கிறது. நம் கடைக்கு இப்படி ஒரு முகம் இருப்பதே எனக்குத் தெரியாது. முகத்தில் துண்டைப் போட்டு மூடிவிட்டு ஆள் வரவில்லை என்று புலம்பியிருக்கிறேன்.

அந்தப் புழுதிக்குள்தான் நீங்கள் போன் செய்தீர்கள், ஞாபகம் இருக்கும். நம் கடைக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கிற உங்கள் கடையைப் பற்றிப் பேசினீர்கள். “அத்தான், அந்தத் தெரு இனி தேறாது. என் கடையை நீங்களே எடுத்துக்குங்க, நீங்க சொல்றதுதான் விலை,” என்றீர்கள். “குழி தோண்டின தெருவுல எனக்கு எதுக்கு மாப்ளே ரெண்டு கடை?” என்று நானும் வைத்துவிட்டேன். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவேன்.

கல் தளத்தைச் சீர் பண்ணி, தெரு முனையில் பஸ் நிறுத்தம் வைத்து, நடுநடுவே மரமும் பெஞ்சும் போட்டுத் திறந்துவிட்டார்கள். அதில் ஒரு பெஞ்சு சரியாக உங்கள் கடை ஷட்டருக்கு எதிரே. முதல் வாரம் ஜனம் வந்தது வாஸ்தவம், ஆனால் எல்லாம் நடந்து வருகிறது. நான் என்ன செய்ய? ஒரு இருமல், ஒரு இருமல், ஒரு இருமல். சேல்ஸ்மேன் வெளியே வந்து, “முதலாளி, ஊர்ல ஒருத்தர்கிட்டகூட வண்டி இல்லியா?” என்று கேட்கிறார்.

ஒன்பதாம் நாள் ஒரு ஆள் வந்தார். ரப்பர் செருப்பு, கையில் துணிப்பை. பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலைப் பார்த்தார், உள்ளே வந்தார். நான் ஒரு இருமல், அதுவும் அரை மனதோடு. ஒரு மெத்தையில் படுத்துப் பார்க்கலாமா என்றார், படுத்தார், தூங்கிவிட்டார். ஒன்றேகால் மணி நேரம். எழுப்பு என்றால் சேல்ஸ்மேன், “பாவம் முதலாளி, நடந்து வந்திருக்காரு,” என்கிறார். எழுந்தவர் விலை கேட்டார். நடந்து வருகிறவர் விலைதானே, சேல்ஸ்மேன் சொன்னார். “நாற்பது குடுங்க,” என்றார் வந்தவர்.

“நாற்பது ரொம்பக் குறைச்சல் சார், அந்த விலைக்குக் கட்டாது,” என்று சேல்ஸ்மேன் இழுக்கிறார்.

“விலை இல்லப்பா. நாற்பது மெத்தை.”

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிற பெரிய விடுதி அவருடையது. மூன்று இருமல் போட வேண்டிய ஆளுக்கு ஒன்று போட்டிருக்கிறேன். ஆனால் அவர் போகும்போது சொன்ன வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது. “பதினோரு வருஷமா இந்தத் தெரு வழியா தினம் கார்ல போறேங்க. இங்க ஒரு மெத்தைக் கடை இருக்குன்னே எனக்குத் தெரியாது.”

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அலமாரிக்கு அடியில் கையை விட்டு நோட்டை எடுத்தேன். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறில் மூன்று போக அத்தனை பேரும் நம்மைப் பார்க்காமலே போயிருக்கிறார்கள் மாப்ளே. நானோ அவர்கள் கதவு சாத்துகிற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடந்து வருகிறவர் விலையிலும் லாபம் இருக்கத்தான் செய்கிறது, நாற்பது விற்றால் நன்றாகவே இருக்கிறது. மறுநாளே எல்லாச் சாமானுக்கும் விலைச்சீட்டு தொங்கவிட்டேன். எழுதினது உங்க அக்கா, கையெழுத்து முத்து முத்தா இருக்கும், உங்களுக்கே தெரியும். வாசலிலும் ஒரு அட்டை: ‘ஒரே விலை. பேரம் இல்லை.’

இப்ப நம்ம கடையைப் பாக்கணுமே நீங்க. பஸ்ஸை விட்டு இறங்கினா முதல்ல கண்ணுல படறது அந்த ஜன்னல்தான். அதைப் போட்டோ எடுக்க வர்றவங்க, எடுத்து முடிச்சதும் சும்மா உள்ள எட்டிப் பாக்கறாங்க. எட்டிப் பாத்தவங்க படுத்துப் பாக்கறாங்க. படுத்தவங்கள்ல பாதிப் பேர் வாங்கறாங்க, மீதிப் பேர் தூங்கிடறாங்க, அவங்க அடுத்த வாரம் வந்து வாங்கறாங்க. நானும் முனையில வண்டியை நிறுத்திட்டு நானூறு அடி நடந்துதான் வர்றேன், முழங்கால் வலி போன இடம் தெரியல. பூட்டுக்கடைக்கு மாடி இருக்குன்னு இருபத்தாறு வருஷத்துல இப்பதான் பாத்தேன். வேற ஊர்லேருந்து அதிகாரிங்க தெருவைப் பாக்க வந்தா நான்தான் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன். போன கூட்டத்துல, “இந்தத் திட்டத்தை ஆரம்பத்துலேருந்து ஆதரிச்சவன் நான்,”னு பேசினேன். பூட்டுக்கடைக்காரர் ஒரே ஒரு தடவை இருமினாரு. என்ஜினியரம்மாவே போன மாசம் கட்டில் வாங்க வந்து, “எனக்குக் கொஞ்சம் பாத்துப் போடக்கூடாதா ஐயா?”ன்னாங்க. நான் எழுந்து நின்னு அட்டையைக் காட்டினேன். “அம்மா, உடன்பிறந்தவங்களா இருந்தாலும் இங்க ஒரே விலை. உங்க தெரு எனக்குக் கத்துக் குடுத்தது.” முழு விலை குடுத்துட்டுச் சிரிச்சுக்கிட்டே போனாங்க. என் வாழ்க்கையில அவ்வளவு பெருமையா நான் எதையும் வித்தது இல்ல.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் கடையில் இப்போது படுக்க இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மெத்தைக்கு மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள். பக்கத்தில் உங்கள் கடை பூட்டிக் கிடக்கிறது. அது கிடைத்தால் பத்துக் கட்டில் விரிப்பேன், கிடைக்காவிட்டால் வருகிற கூட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். நான் சொல்வதுதான் விலை என்று உங்கள் வாயால் சொன்னீர்கள். ஆகவே தெரு தோண்டிக் கிடந்தபோது என்ன மதிப்போ அந்த மதிப்புக்குப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். வாக்கு என்றால் வாக்குதானே. உள்ளதில் ஒன்றையும் நான் மறைக்கவில்லை, அதையும் கவனியுங்கள்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. பெரியவனுக்குப் பரீட்சையில் நல்ல மார்க் வரட்டும், சின்னவளுக்கு விழுந்த பல் சீக்கிரம் முளைக்கட்டும், உங்களுக்கு இந்தக் கடிதம் படித்த கையோடு நல்ல புத்தி தோன்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலத்தை எப்போதும் நினைக்கும் அத்தான்

பின்குறிப்பு: கவர் ஒட்டுவதற்கு முன்னால் உங்க அக்கா இதை வாங்கிப் படித்தாள். நேற்று சாயங்காலம் உங்கள் ஷட்டருக்கு எதிரே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்குப் போன் போட்டாள். என்னைப் பார்த்துக்கொண்டே, “தம்பி, உன் கடைக்குப் பார்ட்டி வந்திருக்கு,” என்று சொல்லிவிட்டு, நிதானமாக மூன்று தடவை இருமினாள். கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றேன். கூடாதாம், வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதற்கு என் கைப்படவே சாட்சி இருக்கிறதாம், அனுப்பித்தான் ஆக வேண்டுமாம். நாலு மணியிலிருந்து ஆறரை வரைக்கும் அவளிடமும், போனில் உங்களிடமும் நின்றபடி பேரம் பேசினேன். தெருவில் நடந்தவர்கள் எல்லாம் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்து பார்த்தார்கள், என்ஜினியரம்மா உள்பட. ஷட்டரில் இப்போது ஒரு அட்டை தொங்குகிறது, முத்து முத்தான எழுத்து. ஆகவே மேலே எழுதிய பத்திரம், மதிப்பு, வாக்கு எல்லாவற்றையும் அடித்துவிட்டு, போனில் முடிந்ததை அப்படியே எழுதுகிறேன்: கடை விற்பனைக்கு இல்லை. வாடகை மாதம் இருபத்திரண்டாயிரம், முன்பணம் ஆறு மாதம், ஒப்பந்தம் ஐந்து வருடம், பெஞ்சை மறைத்து எதையும் வைக்கக் கூடாது, தரகு உங்க அக்காவுக்கு ஒரு மாத வாடகை. ஒரே விலை.